ரத்தப் புற்றுநோய்: காய்ச்சல் வந்த இரவும் அதற்குப் பிறகும்

(நம் அறக்கட்டளையின் ஆண்டு மருத்துவ உதவிக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





வருடா வருடம் இந்தக் கூட்டத்தில் ஜகாத் வரவு, மருத்துவச் செலவு, கல்வி உதவி என்று கணக்கு வாசித்து, டீ குடித்துக் கலைவோம். இந்த வருடக் கணக்கை அச்சடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டோம். அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கணக்கில் வராத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்று இஷாவுக்கு முன்பே உங்களை அழைத்தோம்.

சில வருடங்களுக்கு முன் நம் மஹல்லாவில் ஓர் ஓவர்லாக் டைலரின் ஐந்து வயது மகனுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. டெங்கு காலம். ரத்தம் பார்த்ததில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. தெருவே டெங்கு என்று முடிவு செய்துவிட்டது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள், பப்பாளி இலைச் சாறு கொடுத்தார்கள். மூன்று வாரம் கழிந்தது. பிள்ளை வெளுத்துப் போய், காலில் வலி என்று நடக்க மறுத்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்து, தீவிர ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

நாம் சும்மா இருக்கவில்லை. ஜும்ஆவில் அறிவிப்புச் செய்தோம். நல்ல தொகை சேர்ந்தது. அத்தாவின் கையில் கொடுத்தோம், இந்த இதழிலும் செய்தி போட்டோம். ஒரு மாதம் கழித்து, ரத்தத்தில் புற்று அணு தெரியவில்லை என்று டாக்டர் சொன்னதாகச் செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை குணமாகிவிட்டது என்று அந்தக் கோப்பை மூடினோம்.

அது குணமல்ல. சிகிச்சையின் முதல் படி மட்டுமே அது. எங்களுக்கு அது தெரியாது, நாங்கள் கேட்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது. கீமோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பாரசிட்டமால் சிரப் கொடுத்தார்கள், சூடு இறங்கியது, தூங்கிவிட்டான். மறுநாள் கம்பெனியில் ஷிப்மென்ட். பீஸ் ரேட் ஆள், போகாவிட்டால் சனிக்கிழமைச் சம்பளம் இல்லை. அத்தா போய்விட்டு, ஜும்ஆ முடிந்து வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். கோவை போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு நினைவு இல்லை. இரண்டு நாளில் மவுத்தாகிவிட்டான்.

அடக்கம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அவர் சொன்னார்: அன்று இரவே கார் பிடிக்க நினைத்தாராம், கையில் பணம் இல்லை. நம்மில் ஒருவருக்குப் போன் செய்ய எண்ணை எடுத்திருக்கிறார். “ஏற்கனவே அவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள், திரும்பவும் எப்படிக் கேட்பது” என்று வைத்துவிட்டாராம்.

தக்தீர் மீது நமக்கு ஈமான் உண்டு. ஆனால் அந்தக் கார் வாடகையை நாம் தக்தீரின் கணக்கில் எழுத முடியாது. அது நம் கணக்கு. அதற்குப் பிறகுதான் நாங்கள் மருத்துவர்களைத் தேடிப்போய்க் கேட்க ஆரம்பித்தோம், படிக்கவும் ஆரம்பித்தோம். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்கள் தயாராகும் இடம். சிவப்பணு காற்றைச் சுமக்கிறது. வெள்ளை அணு கிருமியோடு சண்டை போடுகிறது. தட்டணு ரத்தக் கசிவை அடைக்கிறது. இந்த நோயில் முற்றாத வெள்ளை அணு ஒன்று கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகிறது. ஒரு மிஷின் ரிஜெக்ட் பீஸாகவே அடித்துத் தள்ளி குடோனை நிரப்பிவிட்டால், நல்ல துணிக்கு இடம் எங்கே? அதே கதைதான். சிவப்பணு குறைந்து பிள்ளை வெளுக்கிறது. தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் வருகிறது, அடிபடாமலே கன்றிப்போகிறது. நல்ல வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் விடுவதில்லை. வெள்ளை அணு எண்ணிக்கை ரிப்போர்ட்டில் ஐம்பதாயிரம், லட்சம் என்று இருந்தாலும் அதில் வேலை செய்யும் அணு சொற்பம். ‘தீவிர’ என்ற சொல்லுக்கு இங்கே பொருள், நாள் கணக்கில், வார கணக்கில் வளர்வது. வருடக்கணக்கில் மெதுவாகப் போகும் வகைகள் வேறு.

தீவிர வகையிலும் இரண்டு உண்டு. பிள்ளைகளுக்கு அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் அதிகம் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு அதிகம் வருவது மைலாய்டு. சிகிச்சை வேறு, மருந்து வேறு. ஒருவருக்குக் கொடுத்ததை வைத்து இன்னொருவருக்குக் கணக்குப் போடக் கூடாது.

இது சாயப்பட்டறைத் தண்ணீரால் வந்ததா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்தவர்கள். கேள்வி நியாயமானது. பென்சீன் என்ற ரசாயனத்தை நீண்ட காலம் சுவாசிப்பவருக்கு மைலாய்டு வகை வரக்கூடும் என்பது நிரூபணமானது. பட்டறையில் கரைப்பான் வாசனையில் நிற்கும் நம் பிள்ளைகள் முகமூடியும் காற்றோட்டமும் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் ஒரு சின்னப் பிள்ளைக்கு வந்த நோய்க்கு இதுதான் காரணம் என்று பெரும்பாலும் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருந்தபோது எதைச் சாப்பிட்டேனோ என்று தாய் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. மாமியார்மார்கள் இதைத் தயவுசெய்து காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இது தொற்றும் நோயும் அல்ல. ஒரே சஹனில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ஆபத்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது, நம்மிடமிருந்து அந்தப் பிள்ளைக்கு.

இந்த நோய்க்கு மருந்து வந்த கதையில் நம் பக்கத்து ஊர்களும் இருக்கின்றன. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை பார்த்த கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்த சோகை வந்துகொண்டிருந்தது. அதன் காரணத்தைத் தேடிப் பம்பாயிலும், நம் மலைக்கு மேலே இருக்கும் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் ஆராய்ச்சி செய்தார். கோஷா ஆஸ்பத்திரி என்றாலே நம் பெரியம்மாக்களுக்குத் தெரியும், பர்தாவில் இருக்கும் பெண்களுக்காக உண்டான ஆஸ்பத்திரி. ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தால் அந்தச் சோகை தீருகிறது என்று 1931இல் எழுதினார். அதில் இருந்த சத்துதான் இன்று கர்ப்பிணிகள் சாப்பிடும் ஃபோலிக் அமிலம். ஆலைப் பெண்களின் ரத்தத்திலிருந்து கிடைத்த அறிவு அது.

அதே ஃபோலிக் அமிலத்தை அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் சிட்னி ஃபார்பர். நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது. அப்படியானால் அதைத் தடுத்தால் நோய் தளருமல்லவா? ஃபோலிக் அமிலம் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையை முடக்கும் மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது எல்லப்பிரகட சுப்பாராவின் குழு. ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் கப்பலேறியவர். 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில் பதினாறு பிள்ளைகள், அவர்களில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை உலகில் யாரும் கண்டிராதது. இரண்டு மாதத்தில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட், இன்றும் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்பது.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கு ‘ரத்தம் ஊறட்டும்’ என்று மெடிக்கலில் வைட்டமின் டானிக் வாங்கி ஊற்றுகிறோம். அதில் ஃபோலிக் அமிலம் இருக்கும். ஒரு கையால் கொடுக்கும் மருந்தை மறு கையால் பறித்தது போல் ஆகலாம். டாக்டரைக் கேட்காமல் டானிக் வேண்டாம், கருஞ்சீரக எண்ணெயும் வேண்டாம்.

அடுத்தது சென்னை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் உங்களுக்குத் தெரியும். டாக்டர் சாந்தா அம்மையார் 1955 முதல் 2021இல் கண்மூடும் வரை அங்கேயே வாழ்ந்தார். 1970களில் இந்தியாவின் பெரிய மையங்களில்கூட லிம்போபிளாஸ்டிக் வகை வந்த பிள்ளைகளில் நோய் திரும்பாமல் தப்பியவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. 1984இல் அடையாறு, பம்பாய் டாடா நினைவு மருத்துவமனை, டில்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஒரே சிகிச்சை முறையை வகுத்தன. எம்.சி.பி. 841 என்று பெயர். புதிய அதிசய மருந்து எதுவும் அதில் இல்லை. இருந்த மருந்துகளை எந்த நாளில், எவ்வளவு, எந்த வரிசையில் என்று கட்டுப்பாடாகக் கொடுத்தார்கள், கூடவே கிருமித்தொற்றையும் ரத்தக் கசிவையும் கவனித்தார்கள். நான்கு வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் மையத்துக்கு மையம் நூற்றுக்கு 45 முதல் 60 வரை ஆனார்கள். 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1048 பேரின் விவரத்தை 2005இல் வெளியிட்டார்கள்.

அந்த ஆய்வில் நம்மைச் சுடும் செய்தி இரண்டு. நம் நாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்போதே நோய் அதிகம் பரவியிருந்தது. சிகிச்சை நடக்கும்போது சிக்கலால் இறந்தவர்களும் மேல்நாட்டைவிட அதிகம். வசதியான நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். முக்கிய மருந்துகள் அங்கேயும் இவைதான். பிறகு அந்த வித்தியாசம் எங்கே உண்டாகிறது? தாமதத்தில் கொஞ்சம், பாதியில் விடுவதில் கொஞ்சம், காய்ச்சல் வந்த இரவில் கொஞ்சம்.

அந்த இரவுக்கே வருவோம்.

கீமோ மருந்து புற்று அணுவைக் கொல்லும்போது நல்ல வெள்ளை அணுவையும் கொல்கிறது. மருந்து போட்டு ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் பெரும்பாலும் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகும். வாயும் குடலும் புண்ணாகியிருக்கும். நம் குடலில் எப்போதும் இருக்கும் கிருமியே அந்தப் புண் வழியாக ரத்தத்தில் இறங்கும். சண்டை போட ஆள் இல்லாததால் சீழ் பிடிக்காது, வீக்கம் வராது. வெளியே தெரியும் ஒரே அடையாளம் காய்ச்சல். மணிக்கணக்கில் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகும் அளவுக்கு முற்றும்.

தெர்மாமீட்டரில் ஒரு தடவை 101 டிகிரி காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் இறங்காமல் நின்றாலும், இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கெடு. அவசரப் பிரிவில் நின்று ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் டோக்கன் கொடுத்து உட்கார வைப்பார்கள். “கீமோ எடுக்கிற பிள்ளை, காய்ச்சல்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள், சிகிச்சைக் கோப்பைக் கையில் காட்டுங்கள். சூடு பார்ப்பதற்கு முன் பாரசிட்டமால் கொடுக்காதீர்கள், அது சூட்டை மறைக்குமே தவிரக் கிருமியைத் தொடாது. உடல் சில்லிட்டு, பிள்ளை சோர்ந்து கிடந்தால் காய்ச்சல் இல்லாவிட்டாலும் அது ஆபத்துதான்.

இன்னொரு வேதனையும் உண்டு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் ஆன்டிபயாடிக்குக் கிருமி மசிவதில்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சளி பிடித்தால் மெடிக்கலில் போய் இரண்டு நாள் மாத்திரை வாங்கிப் போட்டுப் பழக்கியவர்கள் நாம்தான். அந்தப் பழக்கத்தின் விலையை இந்தப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

ரத்தக் கசிவு இரண்டாவது ஆபத்து. தட்டணு குறைந்திருக்கும்போது ஆஸ்பிரின், புரூஃபன் வகை வலி மாத்திரைகள் கூடாது. இடுப்பில் ஊசி போடச் சொல்லிக் கேட்கக் கூடாது, எனிமா கூடாது. இங்கே நம் சமுதாயத்துக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று. ஹிஜாமா நபிவழி என்று நாம் மதிப்பது. ஆனால் தட்டணுவும் வெள்ளை அணுவும் இல்லாத உடம்பில் கீறல் போட்டால் ரத்தம் நிற்காது, கிருமி உள்ளே போகும். இமாம் அவர்களிடம் முன்பே கேட்டுவிட்டுத்தான் பேசுகிறோம்: நோயாளிக்குத் தீங்கு என்று தெரிந்த மருத்துவர் தடுக்கும்போது அதைச் செய்யக் கூடாது. சுன்னத்தும் அப்படியே. நோய் அதிகம் வரும் வயதும் சுன்னத்துக்கு நாள் பார்க்கும் வயதும் ஒன்றாக இருக்கிறது. நன்னிமா ஊரிலிருந்து வந்துவிட்டார், சொந்தமெல்லாம் கூடியிருக்கிறது என்று இடையில் வைத்துவிடாதீர்கள். சிகிச்சை முடிந்து, டாக்டர் சொன்ன பிறகு செய்யலாம். காது குத்துவதற்கும் இதே விதி.

சிகிச்சை ஆரம்பிக்கும் முதல் சில நாளில் புற்று அணுக்கள் கூட்டமாகச் செத்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்துக்கொள்வதும் உண்டு. அதற்காகத்தான் சொட்டு நீர் ஏற்றிக்கொண்டே சிறுநீரை அளக்கிறார்கள். தாய்மார்கள் சலித்துக்கொள்ளாமல் அளந்து கொடுங்கள்.

மருந்துகளின் சேட்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் விடிந்துவிடும். வின்கிரிஸ்டின் போட்டால் மலச்சிக்கல் வரும், தாடை வலிக்கும், கால் தடுமாறும். சிவப்பு மருந்து ஏற்றினால் சிறுநீர் சிவக்கும், அது ரத்தமல்ல. ஸ்டீராய்டு தின்னும் வாரங்களில் பிள்ளை நடுராத்திரி பிரியாணி கேட்கும், காரணமில்லாமல் அழும், அடிக்கவும் வரும். அது பிள்ளையின் குணமல்ல, மாத்திரை. ஆனால் அஸ்பராஜினேஸ் ஊசிக்குப் பிறகு மேல்வயிறு வலித்து முதுகுக்குப் பரவினாலோ, தாங்க முடியாத தலைவலியோ வலிப்போ வந்தாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முன்னது கணையம் வீங்குவது, பின்னது மூளை நரம்பில் ரத்தம் உறைவது.

பராமரிப்புக் காலம் ஏறக்குறைய இரண்டு வருடம். பிள்ளை ஓடி ஆடும், முடி வளர்ந்துவிடும். அப்போதுதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒளிந்திருக்கும் அணு திரும்பி வந்தால் முதல் தடவை போல மருந்துக்கு அடங்காது. இந்தக் காலத்தில் மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு, மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று சுவர்க் காலண்டரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அவர் பிள்ளைக்கு ஒரு மாத்திரை, நம் பிள்ளைக்கு ஏன் பாதி என்று ஒப்பிடாதீர்கள். மெர்காப்டோபியூரினைத் தாங்க முடியாத மரபணு அமைப்பு ஆசிய மக்களில் கணிசமானவர்களுக்கு உண்டு, நம் நாட்டிலும் அது இருக்கிறது. ரத்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள்.

லைன் வீடுகளில் ஒரு வீட்டில் அம்மை போட்டால் பத்து வீட்டுக்கும் போகும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை அம்மை கண்ட பிள்ளையோடு விளையாடியது தெரிந்தால், கொப்புளம் வரும் வரை பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். தடுக்க மருந்து உண்டு, நாள் கடந்தால் பயனில்லை.

நலம் விசாரிப்பது நமக்கு நன்மையான அமல். ஆனால் இருமிக்கொண்டு எட்டுப் பேர் போய்ப் பிள்ளையின் கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு வருவது விசாரிப்பு ஆகாது. வாசலில் நின்று துஆச் செய்துவிட்டு, அந்தத் தாய்க்கு ஒரு வேளைச் சோறு கொடுத்துவிட்டு வாருங்கள். ஓதிய தண்ணீர் கொடுக்க விரும்பினால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஓதிக் கொடுங்கள். பெரியவர்கள் சிகிச்சையில் இருந்தால் ரமளானில் நோன்பு வைக்கலாமா என்று முதலில் மருத்துவரையும் பிறகு ஆலிமையும் கேளுங்கள். மார்க்கம் நோயாளிக்குக் கொடுத்த சலுகையை நாம் வெட்கத்தால் மறுக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு வரும் மைலாய்டு வகை கடினமானது, மறைக்க விரும்பவில்லை. பலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றம் வரை போக வேண்டியிருக்கும். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் அதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த வகைக்குள்ளேயே புரோமைலோசைட்டிக் என்று ஒன்று உண்டு. முன்பு அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம், ரத்தம் உறையும் சக்தியே குலைந்து மூளையில் ரத்தம் கசிந்து சில நாளில் இறந்துவிடுவார்கள். இன்று நன்றாகக் குணமாகும் வகைகளில் ஒன்று அது. சீனாவில் பாஷாணத்திலிருந்து, ஆம், ஆர்சனிக்கிலிருந்து மருந்து கண்டார்கள். மேல்நாட்டில் அதை மற்ற விலை உயர்ந்த மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தபோது, வேலூர் டாக்டர்கள் நம் ஏழை நோயாளிகளுக்கு ஆர்சனிக் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1998 முதல் 2004 வரை 72 பேர். அவர்களில் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியது. மூன்று வருடம் கழித்தும் அதே அளவினர் உயிரோடு இருந்தார்கள். 2006இல் உலகின் முன்னணி ரத்தவியல் இதழில் அது வெளிவந்தது. ஆர்சனிக்கும் வைட்டமின் ஏ வழி மருந்தும் சேர்ந்தால் இந்த வகையில் பலருக்குக் கீமோவே வேண்டாம் என்று 2013இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஆனால் இவ்வளவும் முதல் சில நாளைத் தாண்டியவருக்குத்தான். ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் கன்றல் என்று வந்தவரை அன்றைக்கே அனுப்ப வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்று வைத்திருக்கக் கூடாது. அதற்காக, நாட்டு வைத்தியத்தில் பாஷாணம் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் ஏமாறாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஏற்றுவது மில்லிகிராம் கணக்கில், இதயத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டு.

லிம்போபிளாஸ்டிக் வகை திரும்பி வந்தவர்களுக்கு நோயாளியின் சொந்த அணுவையே மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் நம் நாட்டிலேயே, மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மருத்துவமனையும் உருவாக்கியதற்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு விலையில் அது ஒரு பங்குதான், என்றாலும் பல லட்சம். அதுவரை போகாமல் முதல் சிகிச்சையை முடிப்பதே நம் போன்றோருக்கு வழி.

இனிப் பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அட்டை இல்லாத குடும்பம் நம் மஹல்லாவில் இன்னும் இருக்கிறது என்பது நமக்கு வெட்கம். நோய் வந்த பிறகு கலெக்டர் ஆபீசுக்கு ஓடாதீர்கள், இந்த மாதமே எடுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பெரிய சிகிச்சை வரை உரிமை உண்டு. தொழிலாளிக்கே இந்த நோய் வந்து, இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா சரியாகக் கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருடம் வரை கிடைக்க வழி உண்டு. பீஸ் ரேட்டில் இருப்பவர்களைப் பதிவிலேயே சேர்க்காத கம்பெனிகள் நம்மவர்கள் நடத்துவதிலும் இருக்கின்றன. ஜகாத் வருடா வருடம் சரியாகக் கொடுக்கும் முதலாளிகள் இந்தப் பதிவையும் செய்துகொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். இதைச் சொன்னதற்காக நம்மீது வருத்தப்பட்டாலும் பரவாயில்லை.

ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணமே இல்லை, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும். காட்பாடிக்கும் சென்னைக்கும் காசு கொடுத்தே போய் வந்த குடும்பங்களை நமக்குத் தெரியும், யாரும் சொல்லவில்லை என்றார்கள்.

ஆனால் இந்தத் திட்டம் எதிலும் வராதவை உண்டு: ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளின் பாடு, விட்டுப்போன கூலி, நடுராத்திரிக் கார். சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் இவைதான். ஆகவே நிர்வாகக் குழுவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒரே தொகையாகக் கொடுத்து போட்டோ எடுப்பது இனி இல்லை. ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஜகாத் நிதியிலிருந்து மாதாமாதம் அவர்கள் கையிலேயே கொடுப்போம், சிகிச்சை முடியும் வரை. ஜகாத் தகுதியானவரின் உடைமையாக வேண்டும் என்பதால் கார் வாடகை, அறை வாடகை போன்றவற்றை நாமே கட்டும்போது ஸதகா நிதியிலிருந்து கட்டுவோம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்து நம் தெருவில் வாடகைக்கு இருப்பவர்கள், எந்த மதத்தவரானாலும், அவர்களுக்கும் ஸதகா நிதி உண்டு. இதில் நிர்வாகத்தில் இருவருக்கு மாற்றுக் கருத்து இருந்தது, நிதி தாங்குமா என்ற கவலைதான். ஒரு வருடம் பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரும் ஓர் அட்டையும் கொடுக்கிறோம். அட்டையில் மூன்று பேரின் போன் எண் இருக்கும். இரவு எந்நேரமும் அவர்களில் ஒருவர் எடுப்பார், கார் வரும். பணம் பற்றி அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். 108 சீக்கிரம் வருமானால் அதிலேயே போங்கள், நமக்குப் பிறகு சொன்னால் போதும்.

கடைசியாக ரத்தம். தட்டணுவைச் சேமித்து வைக்க முடிவது ஐந்து நாள்தான். ஆகவே ஒரே நாளில் நூறு பேர் வந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் முகாமைவிட, கூப்பிட்ட அன்று வரும் இருபது பேர் இந்த நோயாளிக்கு அதிகம் உதவுவார்கள். மிஷினில் தட்டணு மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற ரத்தத்தைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், கையை நீட்டிப் படுத்திருந்தால் போதும். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. மஜ்ஜை மாற்றம் தேவைப்படலாம் என்ற நோயாளிக்கு அத்தாவும் கூடப்பிறந்தவர்களும் ரத்தம் கொடுக்காமல் இருப்பது நல்லது, பிற்காலத்தில் அவர்கள் மஜ்ஜையை உடல் ஏற்காமல் போகலாம். ஆகவே சொந்தம் அல்லாத நாம்தான் வேண்டும். மஜ்ஜை தானத்துக்கு 2009 முதல் சென்னையிலிருந்து நடக்கும் தாத்ரி பதிவேட்டில் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவிக் கொடுத்துப் பெயர் பதியலாம். இளைஞர்கள் யோசியுங்கள்.

அந்த டைலர் சகோதரர் இன்று இங்கே வந்திருக்கிறார். நாம் அழைக்கவில்லை, அவராக வந்தார். இரவு எண் மூன்றில் ஒன்று அவருடையதாக இருக்கட்டும் என்று கேட்டார், போட்டிருக்கிறோம்.

இஷா ஜமாஅத் முடிந்ததும் வெளி வராந்தாவில் மேசை போட்டிருக்கும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் பெயர் கொடுங்கள். ரத்த வகை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அங்கேயே பார்த்துச் சொல்ல ஆள் வந்திருக்கிறார். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு நகலை நாளை அஸருக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.